மதினியின் இரண்டு மாமியார்கள்

என் வீட்டுக்காரரின் அக்காளுக்கு மாமியார் கிடையாது. அவள் வாழ்க்கைப்பட்டுத் திருவரங்குளத்துக்கு வருவதற்கு முன்பே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். "குடுத்து வச்சவ, பிடுங்கல் இல்லாத வீடு" என்று ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்களாம். அந்தப் பெருமூச்சு பட்டுத்தான் தனக்குக் கண்ணேறு ஆகிவிட்டது என்பது மதினியின் கட்சி. நாற்பது வயது நெருங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக அவளுக்கு மாமியார்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் அவள் வயிற்றுக்குள்ளேயே குடியேறினார்கள்.

மூத்தவள் நீரிழிவு. இளையவள் பித்தப்பைக் கல்.

நான் கல்யாணமாகி வந்தபோது மூத்தவள் மட்டும்தான் இருந்தாள். என் வீட்டுக்காரர் தன் அக்காள் புருஷனோடு சேர்ந்து கடலையும் கடலை எண்ணெயும் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அதனால் பக்கத்து வீட்டிலேயே எங்களைக் குடிவைத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். வந்த மறுநாள் காலையில் மதினி என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, இங்கிட்டு வா. எங்க மாமியா சத்தம் போடுறா, கேக்குதா ஒனக்கு?"

நான் வெலவெலத்துப் போனேன். செத்துப் போன அம்மாளின் சத்தம் இவளுக்குக் கேட்கிறதாமே, நல்ல இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, மதினி என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே கடமுடாவென்று உருண்டது.

"நேத்து ஒரு கை சோறு கூடத் தின்னேன், அதுக்கும் திட்டுனா. இன்னைக்கி ஒரு கை கொறைச்சேன், இதுக்கும் திட்டுறா. மாமியான்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன, ஏது என்று புரியாமலே நானும் சிரித்தேன். அன்றைக்குப் பிடித்த சிரிப்பு, அவள் இருந்தவரைக்கும் எனக்கு நிற்கவே இல்லை.

வியாதி வந்தவர்கள் எல்லாரும் வியாதியைத் திட்டுவார்கள், அழுவார்கள், ஊரெல்லாம் சொல்லிப் புலம்புவார்கள். மதினி தன் வியாதிகளுக்கு மருமகளாக நடந்துகொண்டாள். முன்னால் பயபக்தி, பின்னால் திருட்டுத்தனம். எல்லாரும் பார்க்க வரகரிசிச் சோற்றை அளந்து போட்டுச் சாப்பிடுவாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் ஒரு கட்டி வெல்லத்தைக் கடித்துவிட்டு வருவாள். மறுநாள் விடிந்ததிலிருந்து தண்ணீர்ப் பானையும் கொல்லையுமாக அலைவாள். "மூத்தவளுக்குத் தெரிஞ்சு போச்சு புள்ள. தண்ணி தண்ணின்னு உசுர வாங்குறா" என்று என்னிடம் மட்டும் ஒத்துக்கொள்வாள்.

மதினியின் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெல்லப் பானையைப் பரண்மேல் ஏற்றி வைத்தார். மதினி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அடுத்த சந்தைக்கு அவர் கிளம்பும்போது, "ஏங்க, வீடெல்லாம் ஒட்டடையா இருக்கு. ஒரு ஏணி வாங்கியாங்க" என்றாள். அவரும் வாங்கி வந்தார். வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்த பிறகுதான் அவருக்கே விஷயம் உறைத்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் வீட்டில் போட்டுவிட்டார்.

புதுக்கோட்டையில் இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர் ஒருவர் இருந்தார். மதினி அவரிடம்தான் பார்த்துக்கொண்டாள். காலையில் முதல் முதலாகப் போகும் சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரச் சொல்வார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் இதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விளக்கில் காட்டிச் சூடாக்குவார். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது. செங்கல் நிறத்துக்குப் போனால் அன்றைக்கு மதினிக்கு அர்ச்சனை நிச்சயம். நீலமாக இருந்த நாளில் அவள் திரும்பும் வழியில் எனக்குப் பூ வாங்கித் தருவாள்.

சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. வண்டிக்குப் பின்னால் பெரிய டிரம் ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைக் கொட்டி மூட்டிவிடுவார்கள். அது உறுமும், ஏப்பம் விடும், மேடு வந்தால் நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். "பாவம், இதுக்கும் செரிக்கல" என்பாள் மதினி.

அப்படி ஒருநாள் நானும் அவளும் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தோம். துண்டில் சுற்றிய பாட்டில் மதினியின் மடியில் இருந்தது. மேட்டில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் துண்டு நழுவிவிட்டது. எதிர் சீட்டில் ஆலங்குடிப் பக்கத்து எண்ணெய் வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு ரொம்ப நாள் பழக்கம். எண்ணெய் வியாபாரிகள் சின்னப் பாட்டிலில் மாதிரி கொண்டு போவதும், வழியில் கண்டவர்கள் அதை வாங்கிப் பார்ப்பதும் அன்றாடம் நடப்பதுதான். அவர் சாவதானமாகக் கையை நீட்டிப் பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மச்சான் சரக்கா தங்கச்சி? அட, என்னா நெறம்! கசடே இல்லையே. புதுக் கடலையா?"

"ஆமாண்ணே, காலையில எடுத்தது" என்றாள் மதினி.

நான் முந்தானையை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அவர் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். நுரை வந்தது. புருவத்தைச் சுருக்கினார். எண்ணெய்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பார்கள், அப்புறம் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அவர் தக்கையைத் திருக ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, தொறக்காதீங்க, தொறக்காதீங்க! காத்துப் பட்டா கெட்டுப் போயிரும். டாக்டருக்குன்னு சொல்லி எடுத்துட்டுப் போறது" என்று மதினி பாய்ந்து பிடுங்கினாள்.

"டாக்டருக்கா? குடுத்து வச்ச மனுசன்" என்றார் அவர். இறங்கிப் போகும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மச்சான்கிட்டச் சொல்லு தங்கச்சி, இதே சரக்குல எனக்கும் ஒரு டின் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரிடம் மதினி இதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில், இருந்த ஒரே கண்ணாடிக் குழாயும் கைதவறி விழுந்து உடைந்தது. அன்றைக்கு என்ன நிறம் என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. நீலமாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்லி எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தாள்.

இளைய மாமியார் வந்து இறங்கியது நார்த்தாமலையில், மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில்.

அந்தக் காலத்தில் நீரிழிவுக்காரர்களுக்கு டாக்டர்கள் சொன்ன பத்தியம் வேடிக்கையானது. சோற்றைக் குறை, இனிப்பை விடு. பசி தாங்கவில்லையென்றால் நெய்யையும் முட்டையையும் சாப்பிட்டுக்கொள் என்பார்கள். மதினி இந்தப் பத்தியத்தின் பின்பாதியை மிகவும் பக்தியாகக் கடைப்பிடித்து வந்தாள். திருவிழாவுக்குப் போன வழியில் சொந்தக்காரர் வீட்டில் நெய்யில் முறுகிய அடை போட்டார்கள். மூத்த மாமியாரின் அனுமதி இருக்கிறதே என்று ஒரு பிடி பிடித்தாள். வெயிலில் வந்து பால்குடம் பார்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று வலது விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா!" என்று ஒரு கத்துக் கத்தி இரண்டாக மடிந்தாள்.

கோயில் வாசலில், மேளம் அதிர்கிற நேரத்தில், ஒரு சுமங்கலி தலைவிரிகோலமாக ஆத்தா என்று கத்தினால் சனங்கள் என்ன நினைப்பார்கள்?

"ஆத்தா எறங்கிட்டா! வழி விடுங்க, வழி விடுங்க!"

ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் இறங்கியது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். மேளக்காரர்கள் அவள் காதுக்கே வந்து வெளுத்து வாங்கினார்கள். மதினி வலி தாங்காமல் ஆடினாள். அவள் ஆட ஆட அவர்களும் வேகத்தைக் கூட்டினார்கள். "வயித்து வலிங்க, சாமி இல்லைங்க" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

"ஆத்தா, இந்த வருசம் மழை உண்டா?" என்று ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"மொதல்ல இந்த மேளத்த நிறுத்துங்கடா!" என்று அலறினாள் மதினி.

ஆத்தா உத்தரவு ஆகிவிட்டது. அந்த மேளம் நின்றது, பக்கத்து மேளம் நின்றது, கொஞ்ச நேரத்தில் திருவிழா முழுவதும் கப்சிப் என்று அடங்கிவிட்டது. என்ன நடந்தது என்று பூசாரியே வெளியில் ஓடி வந்து பார்த்தார்.

அந்த அமைதியில் ஒரு பெண்பிள்ளை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மதினியின் காலைக் கட்டிக்கொண்டாள். "ஆத்தா, எம் மகன் சண்டைக்குப் போயிருக்கான். கடுதாசி நின்னு ரொம்ப நாளாச்சு. வருவானா, சொல்லு ஆத்தா."

மதினிக்கு வலியில் கண் சொருகிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து அந்தப் பெண்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "வருவான். முழுசா வருவான். போயி சோறு தின்னுடி" என்றாள்.

அவள் தேம்பிக்கொண்டே எழுந்து போனாள். நாங்கள் மதினியை மாட்டு வண்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தப் பையன் பிற்பாடு திரும்பி வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது, "ஏன் மதினி, அப்படி அடிச்சுச் சொன்னீங்களே, எந்தத் தைரியத்துல?" என்று கேட்டேன். "அவ மூஞ்சிய நீ பாக்கல. எனக்கு வலிச்ச வலிக்கு, இல்லேன்னு சொல்லி அவ மூஞ்சியையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல் என்றார். "சாமி கும்புடப் போனேன், கல்லையே உள்ள வச்சு அனுப்பிட்டா" என்றாள் மதினி. டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. திருச்சிக்குப் போனால் அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் நீரிழிவு உடம்பில் கத்தி வைத்தால் புண் ஆறுவது நிச்சயமில்லை என்றார். அதனால் கல்லைக் கிளப்பிவிடாமல் ஓட்ட வேண்டும். நெய், எண்ணெய், முட்டை எதையும் தொடக் கூடாது. மறுபடியும் வலி வந்து, கூடவே காய்ச்சலும் கண்ணில் மஞ்சளும் கண்டால், அப்புறம் கத்தியைத் தவிர வேறு வழியில்லை என்றார். வெளியில் வந்ததும் அண்ணன் பஸ் ஏறாமல் ரொம்ப நேரம் ஒரு மரத்தடியில் நின்றார்.

மதினிதான் முதலில் வாயைத் திறந்தாள். "மூத்தவ சோத்தக் கொறை, நெய்யத் தின்னுங்குறா. எளையவ நெய்யத் தொடாத, கஞ்சியக் குடிங்குறா. ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்கார வச்சு ஒரு நாளு பேசணும்."

பேசவும் செய்தாள். சாப்பிட உட்கார்ந்தால் இலையில் பாகப் பிரிவினை நடக்கும். வாழைத்தண்டு இரண்டு பேருக்கும் பொது. கீரை பொது. வெண்ணெய் எடுத்த மோர், இளையவளுக்குச் சம்மதம், மூத்தவளுக்கும் ஆட்சேபம் இல்லை. வரகரிசிக் கஞ்சி, இளையவளுக்காக. ஒரு கிண்ணத்துக்கு மேல் போனால் மூத்தவள் முறைப்பாள். கூடம் முழுக்க எண்ணெய் டின் அடுக்கியிருக்கும் வீட்டில் அவள் வெறும் சட்டியில் கடுகை வெடிக்கவைத்துத் தாளித்துக்கொண்டாள். அண்ணன் தானும் அதையே சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்துப் பார்த்தார். நான்கு நாளில் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே அவருக்குத் தனியாக வடை சுட்டுக் கொடுத்தாள். சுடும்போது அந்த வாசனையை ஆழமாக இழுத்து, "மூக்கு வழியா போனது எளையவளுக்குத் தெரியாது" என்பாள்.

இப்படி இரண்டு பேரையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த வேளையில்தான் மதினியின் ஒரே மகளுக்கு அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. நிலபுலன் உள்ள குடும்பம், நல்ல பையன். மகளுக்கும் பிடித்துப் போய்விட்டது. அந்தப் பேச்சு வந்தாலே அவள் வெட்கப்பட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள். வந்த ஒரே சிக்கல், தாய்க்கு நீரிழிவு என்று தெரிந்தால் எந்த வீட்டிலும் பெண் எடுக்க யோசிப்பார்கள். வம்சத்தில் இறங்கும் என்று பயம். அதனால் மதினியின் வியாதி பற்றி மூச்சு விடக் கூடாது என்று வீட்டு ஆண்கள் கட்டளை போட்டார்கள். தூரத்து ஊர் ஆகையால் அவர்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பரிசம் போடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மதினிக்கு மறுபடியும் வலி வந்து, இரண்டு நாள் புரட்டி எடுத்துவிட்டுப் போனது. காய்ச்சல் வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். "இனி ஒரு விருந்துச் சாப்பாடு இறங்கினால் நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பரிசத்தன்று ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தாயும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருத்தி இலையில் ஒருத்தி நெய்யில் தோய்த்த அதிரசத்தை வைப்பாள். இலையில் மிச்சம் வைத்து எழுந்தால் சம்பந்தத்தில் முழு மனசு இல்லை என்று அர்த்தம் பண்ணிவிடுவார்கள். வெல்லமும் நெய்யுமாகப் பிசைந்த அதிரசம். மதினியின் இரண்டு மாமியார்களும் ஒரே குரலில் வேண்டாம் என்று சொல்லும் பலகாரம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

நாங்கள் ஒரு யோசனை பண்ணினோம். நான் அப்போது முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தேன். மாசமாக இருப்பவள் எவ்வளவு தின்றாலும் யாரும் மூக்கில் விரல் வைக்க மாட்டார்கள். மதினிக்கு இடது கைப்பக்கம் நான் ஒட்டி உட்காருவது, அவள் இலையில் விழுவதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்வது என்று ஏற்பாடு.

சம்பந்தி அம்மாள் வந்தாள். வாட்டசாட்டமான, கொஞ்சமாகப் பேசுகிற அம்மாள். வந்ததும் தண்ணீர் கேட்டாள். கொல்லைப் பக்கம் எது என்று கேட்டாள். உட்கார்ந்தாள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கொல்லை. மதினி அந்த அம்மாளையே கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பந்தி உட்கார்ந்தது. எங்கள் ஏற்பாடு நன்றாகவே நடந்தது. சம்பந்தி அம்மாள், "சாப்புடுங்க, இன்னும் சாப்புடுங்க" என்று மதினியின் இலையில் அதிரசத்தை அடுக்கினாள். மதினி முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் என் இலைக்குத் தள்ளினாள். நான் விழுங்கினேன். பதிலுக்கு மதினியும் விடாமல் அந்த அம்மாளின் இலையில் அடுக்கினாள். அதுவும் வைக்க வைக்கக் காலியாகிக்கொண்டே இருந்தது. இந்த அம்மாளுக்கு என்ன வயிறு என்று வியந்துகொண்டு, கன்னம் இரண்டும் உப்ப நான் மெதுவாக எட்டிப் பார்த்தேன்.

சம்பந்தி அம்மாளுக்கு அந்தப் பக்கத்தில் அவளுடைய மூத்த மருமகள் உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான பெண். அவளும் கன்னம் இரண்டும் உப்ப, கண்ணில் நீர் முட்ட, என்னை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் வாயைத் திறக்க வழியில்லை. அவள் இலையைப் பார்த்தேன். அவள் என் இலையைப் பார்த்தாள். இரண்டு இலையிலும் அதிரசம் குவிந்திருந்தது. அவளுக்குப் புரை ஏறியது. எனக்கும் ஏறியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமியதில் பந்தியே திரும்பிப் பார்த்தது. "மாசமா இருக்குறவ, மெல்லத் தின்னு" என்று யாரோ அதட்டினார்கள்.

ஒருவழியாக விழுங்கிவிட்டு மதினியின் காதில், "அங்கிட்டும் இதே கதை மதினி. அந்த அம்மாவும் ஒண்ணும் திங்கல" என்றேன்.

"தெரியும் புள்ள. வந்ததுலேருந்து தண்ணி, கொல்ல, தண்ணி, கொல்ல. நம்ம மூத்தவளோட ஒடம்பொறப்பு அங்கயும் இருக்கா" என்றாள் மதினி, உதடு அசையாமல்.

அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். பெரிய மீசை, பெரிய குரல். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "சம்பந்திக ரெண்டு பேரும் இலையில வச்சது போதும். ஆளுக்கு ஒரு அதிரசத்த எடுத்து வாயில ஊட்டிவிடுங்க. எல்லாரும் கண்ணாரப் பாக்கட்டும்" என்றார்.

கைதட்டினார்கள். குலவை போட்டார்கள். முந்தானை மறைவுக்கு இனி வேலை இல்லை. மதினி ஓர் அதிரசத்தை எடுத்தாள். சம்பந்தி அம்மாளும் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையும் பாதி வழியில் நின்றன. தின்றால் மதினி என்ன ஆவாள்? தின்னாவிட்டால் வாசலில் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிற மகள் என்ன ஆவாள்?

மதினி சம்பந்தி அம்மாளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்ததை இலையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மன்னிச்சுக்கங்க சம்பந்தி. எனக்கு இது ஆகாது. எனக்கு ரொம்ப வருசமா நீரிழிவு. போதாததுக்கு வயித்துல கல்லு வேற இருக்கு. இதச் சாப்புட்டா இங்கனயே உருண்டுருவேன். மறைச்சதுக்கு என்னைய வையிங்க. எம் மக மேல ஒரு குத்தமும் இல்ல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் கையிலிருந்த சாம்பார் வாளி அப்படியே நின்றது.

"நீரிழிவா? அது வம்சத்துல எறங்குற வியாதியாச்சே" என்றார் பெரியப்பா. துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் பேச்சு முறிந்தது என்று அவர்கள் ஆட்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று பேர் இலையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

அப்போது சம்பந்தி அம்மாள் பேசினாள். புருஷனுக்கு மூத்தவர் முன்னால் அந்த அம்மாள் வாய் திறந்து அதுவரை யாரும் கேட்டதில்லையாம். அவர் பக்கம் திரும்பாமல், மதினியைப் பார்த்தே சொன்னாள்.

"வியாதி யாருக்குத்தான் வரல? ஒங்க மக எங்க வீட்டுக்கு வாரா. அவளுக்கு என்ன வந்தாலும் நான் பாத்துக்குறேன். ஒங்களுக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம் சம்பந்தி. இன்னையிலேருந்து நீங்க என்ன சாப்புடுறீங்களோ, அதையே எனக்கும் வைக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, கையிலிருந்த அதிரசத்தை என் இலையில் வைத்தாள்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்து, பாயசம் எங்கே என்று கேட்டார். கல்யாணம் நிச்சயமாயிற்று. இரண்டு சம்பந்திகளுக்கும் வாழைத்தண்டுக் கூட்டும் மோரும் வந்தன. இரண்டு பேரும் அதைச் சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தி அம்மாளின் பெருமை அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் பரவியது. சம்பந்திக்காக இனிப்பையே விட்டவள், இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைக்கும் என்று கல்யாண வீடுகளில் பேசுவார்கள். மதினியும் அப்படியே தலையை ஆட்டுவாள். அந்த அம்மாளுக்கு நீரிழிவு என்று மதினி யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாளும் கடைசிவரை சொல்லவில்லை. மதினி கத்தி படாமலே இரண்டு மாமியார்களையும் வைத்துக்கொண்டு பேரன் பேத்தி எடுத்தாள். இன்றைக்கு இருவருமே இல்லாததால் நான் எழுதுகிறேன்.

பரிசத்தன்று மாலை, விருந்தாளிகள் எல்லாரும் வண்டி கட்டிப் போன பிறகு, நான் அசைய முடியாமல் மதினியின் அடுப்படியில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மதினி இப்படிப் பண்ணீங்க? அந்த மனுசன் துண்ட ஒதறுனப்ப எனக்கு உசுரே போச்சு. கல்யாணம் நின்னுருந்தா?"

"நின்னுருந்தா அழுதிருப்பேன்" என்றாள். துணியைப் பிழிந்து போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த அம்மா கையப் பாத்தியா நீ? அதிரசத்த வச்சுக்கிட்டு நடுங்குச்சு. நான் ஊட்டுனா முழுங்கிருவா. மகன் கல்யாணம் நின்னுரக் கூடாதுன்னு, என்னா ஆனாலும் ஆகட்டும்னு முழுங்கிருவா. நானும் அதுக்குத்தான் தயாரா ஒக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் சேந்து எதுக்குச் சாகணும்? ஒருத்தி வாயத் தொறந்தாப் போதும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள்.

"எனக்குத்தான் வாயி பெருசு. அதான் நான் தொறந்தேன்."